அப்பா வழி ரத்தம்

மார்ச் 4

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. என் எண்ணைப் போனில் தடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கு என்ன குறை? வீட்டுக்குப் போட்டால் அண்ணி கையில் கிடைக்கும். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, வேண்டாம் என்றுதான் உன் லிப்ட் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். கிழித்துப் போட்டால் இன்னொன்று வரும். ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிற எனக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து பழக்கம்தான்.

போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. என் வாண்டுவின் கண்ணுக்குள் கட்டி இருக்கிறது, கண்ணை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கப்பலில் இருந்து லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர் தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. நீ சொன்னாய்: "நம்ம குடும்பத்துல இந்த மாதிரி எதுவும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் விசாரிச்சுப் பாருங்க." அவர் எதிரிலேயே. அவருடைய அம்மா எதிரிலேயே. அன்றிலிருந்து அந்த அம்மா, நம் வீட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

விசாரித்தாயிற்று, அண்ணா. ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. மாப்பிள்ளை ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சுத்தம். என் ரத்தத்தில் இருக்கிறது. அம்மா வந்திருந்தபோது அவள் ரத்தத்தையும் கொடுத்தாள், அதில் இல்லை. அப்படியென்றால் எனக்கு யாரிடமிருந்து வந்தது? நம் அப்பாவிடமிருந்து. நம்ம குடும்பத்தில் எதுவும் கிடையாது என்றாயே, அந்தக் குடும்பத்திலிருந்துதான்.

என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேள். கேட்க மாட்டாய், தெரியும்.

இன்னொன்று. அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். எனக்கு வந்தது போல உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சரிபாதி வாய்ப்பு. உனக்கு வந்திருந்தால் உன் பாப்பாவுக்கும் அதே கணக்கு. ஒரு ஊசி ரத்தம் கொடு. பாப்பாவின் கண்ணை உடனே காட்டு.

தங்கை


மார்ச் 15

வாயாடிக்கு,

கடிதத்தை ஆபீஸில் எல்லோர் முன்னாலும் கொடுத்தார்கள். யாராவது செத்துவிட்டார்களோ என்று பயந்து பிரித்தேன். செத்துப்போன மனுஷனை மறுபடி கொல்கிற கடிதம்.

அப்பாவின் கண் எப்படிப் போனது என்று உனக்குத் தெரியும். வெல்டிங் பட்டறையில் பொறி தெறித்துப் போனது. ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, பிடித்த வேலையை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? உன் டாக்டர் அப்பாவைப் பார்த்திருக்கிறாரா? ஏதோ ஒரு காகிதம் கைக்கு வந்ததும் அப்பா பொய் சொன்னார் என்கிறாயா?

நான் வராந்தாவில் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். அதற்குப் பழி வாங்க இதுதானா வழி? உனக்கு வந்தது எனக்கும் வர வேண்டும், உன் பிள்ளைக்கு நடந்தது என் பிள்ளைக்கும் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

பாப்பா நன்றாக இருக்கிறாள். விளக்கைக் காட்டினால் பார்க்கிறாள். உன் அண்ணி ஏற்கெனவே எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள். அவள் காதில் இது விழுந்தது என்று தெரிந்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன்.

இனி எழுதாதே.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

எழுதுவேன்.

நான் ஆசைப்படுகிறேனா? இந்த வரியை நீராவி இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் நின்று படித்தேன். கூட வேலை செய்கிறவள் "என்னக்கா, கை சுட்டுடுச்சா?" என்று ஓடி வந்தாள். கை சுட்டிருந்தால் தண்ணீரில் நனைத்திருப்பேன்.

கேட்டுக்கொள். பரம்பரை நோய்களைப் பற்றி விளக்கிச் சொல்கிற டாக்டரம்மா எனக்குப் படம் போட்டுக் காட்டியதைச் சொல்கிறேன். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அது பாட்டுக்குப் பிரிந்துவிட முடியாது. ஆர்.பி. என்று ஒரு புரதம் உள்ளே இருக்கிறது. பிரிகிற வேலையைத் தொடங்கிவைக்கிற ஆட்களை அது கெட்டியாகப் பிடித்து உட்கார வைத்திருக்கும். "இப்போது பிரியலாம்" என்று தகவல் வந்தால்தான் பிடியைத் தளர்த்தும். அந்தப் புரதமே இல்லாமல் போனால் கேட்க ஆளில்லை. செல் பிரியும், பிரிந்தது மறுபடி பிரியும், நிற்காது. அதுதான் கட்டி. இந்தக் கண் நோயைத் துருவிக்கொண்டு போனபோதுதான் இந்தப் புரதமே கிடைத்ததாம்.

அதைச் செய்கிற மரபணு ஒவ்வொரு செல்லிலும் இரண்டு பிரதி இருக்கும். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை பார்க்கும். வாண்டுவுக்கு என்னிடமிருந்து போன பிரதி கெட்டது. அவன் விழித்திரையில் ஏதோ ஒரு செல்லில், மிச்சமிருந்த நல்ல பிரதியும் கெட்டுப் போயிற்று. ஒரே ஒரு செல், அண்ணா.

என் கண்ணையும் பார்த்தார்கள். இடது கண்ணின் அடியில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் எனக்கும் வந்து, தானாகவே நின்றுவிட்ட தடம் என்றார் டாக்டர். இத்தனை வருஷமும் அந்தக் கண்ணால்தான் சட்டைக் காலரில் கறை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பொய் சொன்னாரா என்று என்னைக் கேட்காதே. அம்மா உன் வீட்டில்தானே இருக்கிறாள்? அவளைக் கேள். என்னிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கண்ணை எடுத்துவிட்டார்கள்.

தங்கை


ஏப்ரல் 2

வாயாடிக்கு,

அம்மாவைக் கேட்டேன். அவள் அழுகிறாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சந்தோஷமா உனக்கு? இத்தனை வயதுக்கு மேல் அவளை இப்படி நிற்க வைத்துவிட்டாய்.

சரி, நீ சொல்வதே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஒரே கண்ணோடு வீடு கட்டினார், நம் இரண்டு பேரையும் ஆளாக்கினார். கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் தெரியவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு நாற்பது ஆகிறது. பத்தாவது மாடி லிப்ட் குழியில் தொங்கிக்கொண்டு கம்பியில் முறுக்கு விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவன் நான். என் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன.

இரண்டு பிரதி என்று எனக்குப் பாடம் எடுக்காதே. என் பிழைப்பே பிரேக்தான். மேலே மோட்டாரில் ஒரு பிரேக் இருக்கும். கூண்டுக்கு அடியில் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க இன்னொன்று இருக்கும். ஒன்று கைவிட்டால் மற்றது பிடிக்கும். அதற்குத்தான் இரண்டு. நீ எழுதினதைப் பார்த்தாலே ஒன்று போதும் என்றுதானே தெரிகிறது? பிறகு எதற்கு இத்தனை கூச்சல்?

என்னால் முடியாது. நாளைக்கே ஏதாவது இருக்கிறது என்று சொன்னால் அதற்கப்புறம் பாப்பாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? இது உனக்குப் புரியாது.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

எனக்குப் புரியாதா? எனக்கா?

ஒரு பிரேக் போன லிப்ட்டில் நீ ஆளை ஏற்றுவாயா? கதவைப் பூட்டிப் பலகை மாட்டிவிட்டு, மானேஜர் எவ்வளவு கத்தினாலும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு மந்திரியைப் படிக்கட்டில் ஏற வைத்தேன் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், சொந்தப் பிள்ளைக்கு வேறா?

விளக்கைக் காட்டினால் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். என் வாண்டுவும் பார்த்தான். பந்தைப் பிடித்தான், பூனையைத் துரத்தினான். ஒரு நாள் போட்டோ எடுத்தபோது ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் விழுந்தது. அவ்வளவுதான் அடையாளம். அந்த வெள்ளை தெரிகிற வரைக்கும் காத்திருந்தால் கண்ணைக் கொடுக்க வேண்டியதுதான். முன்னாலேயே பார்த்துவிட்டால் லேசரால் சுட்டே நிறுத்திவிடலாமாம். எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. உனக்கு நான் சொல்கிறேன், தொண்டை கிழியச் சொல்கிறேன், நீ அப்பாவின் வீரக் கதையைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்.

பாப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்கிறாய். நான் பார்க்கிறேனே, தினமும் காலையில்? செயற்கைக் கண்ணைக் கழுவி மாட்டும்போது அவன் "அம்மா, நேரா வெச்சியா?" என்று கேட்கிறான். நேராகத்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணமான ரத்தம் ஓடுகிற இதே கையால் அவனுக்குத் தலை சீவி விடுகிறேன்.

இருபதாம் தேதிக்குக் கண் ஆஸ்பத்திரியில் பாப்பா பேரில் நேரம் வாங்கியிருக்கிறேன். நீ அன்றைக்கு வரவில்லை என்றால், நீ எந்தக் கட்டடத்தில் எந்தக் குழிக்குள் இறங்கியிருந்தாலும் தேடிக்கொண்டு வருவேன்.

தங்கை


ஏப்ரல் 24

வாயாடிக்கு,

சொன்னபடி செய்துவிட்டாய்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, வரவேற்பு மேஜைக்கு முன்னால் நின்று, குழிக்குள் இருந்த என்னைப் பார்த்து நீ போட்ட சத்தத்தில் பதினொரு மாடியும் கீழே இறங்கி வந்துவிட்டது. "உன் பிள்ளை குருடானா அந்தப் பாவம் யார் தலையில?" என்றாய். என் ஆட்கள் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார்கள். மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எதாவது பிரச்சனைன்னா லீவு எடுத்துக்கோங்க" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. கிரீஸ் கையோடு மேலே ஏறி வந்து உன்னை வெளியே போ என்று சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.

அன்று சாயங்காலமே என் ஆள் ஒருவன் அவன் பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் உன் அண்ணிக்குப் போன் போட்டுவிட்டாள். நான் வீட்டுக்குப் போனபோது உன் அண்ணி துணிப் பையை எடுத்து வைத்திருந்தாள். கத்தவில்லை. "நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்று கேட்டாள். பயந்தவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதங்களை அவளிடம் காட்டவில்லை என்பதற்காகத்தான் அதற்கப்புறம் பேசினாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

அதன் பிறகு அம்மா வாயைத் திறந்தாள். வெல்டிங் பொறிக் கதையை அப்பா முதன்முதலில் பட்டறையில் வேலை கேட்கப் போன அன்றைக்கு, முன்பு வேலை பார்த்த இடத்தில் நடந்ததாகச் சொன்னாராம். பிறவியிலேயே நோய் என்றால் வேலை கொடுக்க மாட்டார்கள், அடிபட்டது என்றால் கொடுப்பார்கள் என்று. பெண் பார்க்க வந்தபோது அம்மாவிடம் மட்டும் தனியாக நிஜத்தைச் சொல்லியிருக்கிறார். "பிள்ளைங்ககிட்ட சொல்லாத, என்னைப் பரிதாபமாப் பார்ப்பாங்க" என்றாராம். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் ஊரெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்த மடையன்.

போகிறோம். உன் வாயை அடைக்கத்தான் போகிறேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 27

அண்ணா,

உறவு வேண்டாம் என்றால் வேண்டாம். போ.

உன் ரத்தத்தின் முடிவு வரச் சில வாரம் ஆகும். பாப்பாவின் கண்ணை அதுவரைக்கும் நிறுத்தி வைக்காதே, அன்றைக்கே பார்க்கச் சொல். பால் கொடுத்த உடனே கூட்டிப் போகாதீர்கள், அழுகையில் கக்கிவிடுவாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவார்கள். மணிக்கணக்கில் வெளிச்சம் கூசும், தொப்பி கொண்டு போங்கள். வரிசையில் யாராவது "எந்தக் கண்ணு?" என்று கேட்டால் சண்டைக்குப் போகாதே. அங்கே அப்படித்தான் விசாரிப்பார்கள்.

அண்ணியிடம் சொல், இவ்வளவு நாள் அவளிடம் மறைத்ததில் எனக்கும் பங்கு உண்டு என்று. உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

தங்கை


மே 30

வாயாடிக்கு,

எனக்கு இல்லை. அப்பாவின் நல்ல பிரதிதான் எனக்கு வந்திருக்கிறது. எனக்கு இல்லாததால் பாப்பாவுக்கு என்னிடமிருந்து வர வழியே இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவள் கண் இரண்டும் சுத்தம்.

முடிவு கைக்கு வந்ததும் உனக்கு நான்கு பக்கத்துக்கு எழுதுவதாக இருந்தேன். என் ஆட்கள் முன்னால் என்னை அவமானப்படுத்தியது, உன் அண்ணியைத் தூங்கவிடாமல் செய்தது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரியாக மனதிலேயே எழுதி வைத்திருந்தேன். உட்கார்ந்தால் எழுத வரவில்லை.

பாப்பாவின் கண்ணைப் பார்த்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். துணியில் இறுக்கிச் சுற்றி மேஜையில் படுக்க வைத்தார்கள். உன் அண்ணிக்கு மயக்கம் வருகிற மாதிரி ஆகிவிட்டது, வெளியே உட்கார வைத்தோம். நர்ஸ் என்னைப் பார்த்து, "அப்பா, தலையைப் பிடிச்சுக்கோங்க, அசையக் கூடாது" என்றாள். இமைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கம்பி வளையத்தை வைத்துக் கண்ணை மூட விடாமல் நிறுத்தினார்கள். பாப்பா கத்தினாள். முதலில் கோபத்தில் கத்தினாள். அப்புறம், நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து என்னைப் பார்த்துக் கத்தினாள். எத்தனை டன் எடையைக் கம்பியில் நிறுத்தியிருக்கிறேன், ஒரு தேங்காய் அளவு தலையைப் பிடிக்க முடியவில்லை.

பெயரைப் பதிகிற இடத்தில் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார்கள். உன் பிள்ளையைச் சொன்னேன். நர்ஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. "அந்தப் பையனுக்கு மாமாவா? இந்த ஊர்லயா இருக்கீங்க?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாள் முழுக்க அந்தக் கோபத்திலேயே இருந்தேன். யார்மேல் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அண்ணன்


ஜூன் 6

அண்ணா,

முதல் வரியைப் படித்துவிட்டு விரிப்புக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். மேற்பார்வையாளர் வந்து துவைத்த துணியா துவைக்காத துணியா என்று கேட்டார். துவைத்ததுதான், மறுபடி துவைக்கிறேன் என்றேன்.

மார்ச்சில் நீ கேட்டாயே, உன் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேனா என்று. இல்லை. ஒரு நொடிகூட இல்லை. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அழுகையெல்லாம் நின்ற பிறகு, வயிறு எரிந்தது. இரண்டு பிள்ளைகளில் அப்பா உனக்கு நல்லதைக் கொடுத்து எனக்குக் கெட்டதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யார்மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா நூறு தடவை சொல்லிவிட்டார். தப்பு செய்தவன் ஒருவன் இருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். இல்லை என்கிறார்கள். அதனால் உன் சட்டையைப் பிடித்தேன். நீயும் வாகாகக் கொடுத்தாய்.

உன்மேல் கோபம் போகவில்லை. நீ பிள்ளையின் தலையைப் பிடித்தது ஒரு நாள், அதற்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். இவர் கடலில் இருக்கிறார், மாமியார் ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்கிறார், அம்மாவுக்கு முழங்கால். நீ பஸ்ஸில் இருபது நிமிஷ தூரத்தில் இருந்தாய். போனில் என் எண்ணைத் தடுத்துவிட்டு இருந்தாய். வாண்டுவின் இன்னொரு கண்ணை மயக்கம் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். இந்த மாதமும் உண்டு. முகமூடி வைக்கும்போது, "அம்மா, இவங்களைப் போகச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வான். அவர்களைப் போகச் சொல்லாமல் அவன் கையைப் பிடித்து வைத்திருக்கிறவள் நான். அவனுக்கு நினைவு தப்பும்போது கடைசியாகத் தெரிவது நான்தான். மயக்கம் தெளிந்ததும் கொஞ்ச நேரம் என் பக்கம் திரும்ப மாட்டான்.

காகிதத்தில் மன்னிப்பு எழுதி அனுப்பாதே. எழுத்தில் வந்தால் பிழை திருத்தித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தங்கை


ஜூன் 11

வாயாடிக்கு,

மன்னிப்பு எழுதவில்லை.

உன் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன். நீ இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாதே, உனக்குத் தோன்றுகிற வரைக்கும்.

மாப்பிள்ளையிடம் பேசினேன். கப்பலுக்குப் போன் கிடைக்க நாலு நாள் ஆயிற்று. என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "நான்தான், வராந்தாவில பேசினவன்" என்றேன். திட்டினார். கப்பல் சமையல் கூடத்தில் வேலை செய்கிறவருக்கு இவ்வளவு வார்த்தை தெரியும் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் லைன் அறுந்தது. மறுபடி நானே கூப்பிட்டு மிச்சத்தையும் வாங்கிக்கொண்டேன். அவர் அம்மாவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அண்ணியும் போகிறோம். கதவைத் திறப்பாரோ மாட்டாரோ.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வாண்டுவின் தேதியைக் கேட்டேன். யார் என்று கேட்டார்கள். தாய்மாமன் என்றேன். பதினெட்டாம் தேதி, காலை. லீவு சொல்லிவிட்டேன். வண்டி எடுத்துக்கொண்டு ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். என்னோடு பேசாதே. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி.

மயக்கம் கொடுக்கிற அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்களாம். அன்றைக்கு நான் போகிறேன். கண் மூடுகிற வரைக்கும் அவன் என்னைப் பார்த்துக் கத்தட்டும், விழித்த பிறகு என் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். நீ வெளியே உட்கார்ந்திரு. அழும்போது அவனுக்கு ஓடி வர ஒரு மடி மிச்சம் இருக்க வேண்டும்.

அண்ணன்